எண்ணூர் எண்ணெயும் ஐந்து வருஷக் கெடுவும்

எண்ணூர்க் கழிமுகத்து மீனவர்களுக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்தாய்விட்டது, இனி அவ்விஷயத்தைக் கிளறுவானேன் என்று கேட்போர் உண்டு. கொடுக்கப்பட்டது நிவாரணம். கொடுக்கப்படவேண்டியது நஷ்ட ஈடு. முன்னது ஸர்க்காரின் உதவி. பின்னது நஷ்டமடைந்தவனின் பாத்தியதை. இரண்டையும் ஒன்றென மயங்கி, பாத்தியதை காலாவதியாகிவிடுமோ என்ற கவலையால் இதை எழுதுகிறோம்.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது, மணலிப் பக்கத்து வெள்ளத்தோடு எண்ணெயும் புறப்பட்டது. பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றிலும், முகத்துவாரத்திலும், கடலிலும் அது பரவிற்று. வலைகளும் படகுகளும் கறுத்தன. கூழைக்கடாக்கள் எண்ணெயில் தோய்ந்து நின்றன. மீனவர்கள் வாளியும் குவளையும் கொண்டு தாங்களே எண்ணெயை அள்ளிய காட்சியைத் தேசம் முழுதும் பார்த்தது. மணலியிலுள்ள சென்னைப் பெட்ரோலியக் கம்பெனியின் மழைநீர் ஏற்பாடுகள் போதாமையே காரணமென்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறிற்று. தன் குழாய்களில் கசிவு இல்லையென்பது கம்பெனியின் மறுமொழி. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே விஷயத்தை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

மாகாண ஸர்க்கார் 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலைக்கு 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குப் பத்தாயிரம் வீதமும், வேறு 6,700 குடும்பங்களுக்கு 7,500 வீதமும் அறிவித்தது. மொத்தம் சுமார் 8.68 கோடி. பெருந்தொகையாகவே தோன்றும். ஆனால் ஒரு குடும்பத்தின் தினசரி வருவாயை 500 ரூபாயென்று குறைத்தே மதித்தாலும், 12,500 என்பது இருபத்தைந்து நாள் ஜீவனம். இருபத்தாறாவது நாளிலிருந்து நஷ்டம் யார் தலையில்? சேற்றில் கையால் துழாவி இறால் பிடிப்பவனுக்கும், கூடை சுமந்து விற்கும் பெண்ணுக்கும் யார் கணக்குப் பார்த்தார்கள்?

புயல் கொண்டுவந்த விபத்துக்கு ஆலை எப்படிப் பொறுப்பாகும் என்பது முதல் ஆட்சேபம். 1868-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த ரைலண்ட்ஸ் வழக்கின் வழிவந்த விதியில் 'தெய்வச் செயல்' என்ற விலக்கு உண்டு. நமது நாட்டில் அந்த விலக்கு செல்லாது. டில்லியில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில், பிரதம நீதிபதி பகவதி தலைமையிலான ஐவர் அமர்வு 1986 டிசம்பரில் அதைத் தள்ளிவிட்டது. அபாயகரமான தொழிலை நடத்தி லாபம் பெறுவோன் விளைந்த தீங்குக்கு விலக்கின்றிப் பொறுப்பாளி என்றது. 2010-ஆம் வருஷத்துப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 17-ஆவது பிரிவும், விபத்து விஷயத்தில் குற்றம் ருஜுவாகவேண்டியதில்லை என்றே கூறுகிறது.

இரண்டாவது ஆட்சேபம் சற்று நுட்பமானது. வலை கிழிந்தால் ஈடு கேட்கலாம். வலை முழுசாயிருக்க, மீன் மட்டும் விலைபோகாவிட்டால் கேட்கலாமா? வெறும் வருமான நஷ்டத்துக்கு ஈடில்லை என்பது ஆங்கிலேயக் கோர்ட்டுகளின் பழைய கொள்கை; நாமும் சட்டக் கல்லூரியில் அதை நெட்டுருப் போட்டவர்களே. ஆயினும் 1969-இல் காலிபோர்னியாவின் ஸாண்டா பார்பரா கடலில் எண்ணெய் பொங்கிய வழக்கில், மீன் பிடித்துப் பிழைப்பவர் அந்நஷ்டத்தைக் கோரலாமென்று 1974-இல் அமெரிக்க அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நமது சட்டத்தில் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. அதன் இரண்டாவது அட்டவணையில் 'தொழில் அல்லது வேலை நஷ்டம்' தனித் தலைப்பாகவே காணப்படுகிறது.

பின் தடை எது? ருஜுவும் காலமும்தான். 1989 மார்ச்சில் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் பாறையில் மோதியது. முப்பத்திரண்டாயிரம் பேருக்குமேல் வாதிகள். 1994-இல் ஜூரிகள் ஐந்நூறு கோடி டாலர் தண்டனைத் தொகை விதித்தனர். அப்பீல்மேல் அப்பீலாகப் பதினான்கு வருஷம் இழுத்து, 2008-இல் உச்ச நீதிமன்றம் அதை 50.75 கோடி டாலராக்கிற்று. அதற்குள் வாதிகளில் பலர் மாண்டே போயினர். கல்வியும் வக்கீல்களும் மலிந்த நாட்டில் இந்த கதியென்றால், துண்டுச் சீட்டுக்கூட இல்லாத நமது வலைஞர் கதி என்ன?

ஆகவே சீட்டுகளைத் தேடவேண்டும். ஏலக்காரரின் நோட்டு, படகின் பதிவு, கூட்டுறவுச் சங்கப் புத்தகம், டீஸல் ரசீது, தேதியிட்ட படங்கள், எண்ணெய் படிந்த வலைத் துண்டு, யாவும் சாட்சியமே. இவை இல்லாதோர், முக்கியமாகப் பெண்கள், அண்டை வீட்டார் சாட்சியோடு வாக்குமூலம் எழுதி வைக்கவேண்டும். நஷ்டமடைந்தவர் தாமே மனுச் செய்யலாம்; அவர்களுடைய சங்கமும் செய்யலாம். மனுக் கட்டணம் கோரும் தொகையில் நூற்றுக்கு ஒன்று, குறைந்தது ஆயிரம் ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அதுவுமில்லை. முன் பெற்ற நிவாரணத்தை மறைக்காமல் தெரிவித்துவிட்டால் போதும். அதைப் பெற்றதால் கோரிக்கை அற்றுப்போகாது.

ஆலை அந்நியக் கம்பெனியன்று. பொதுஜனப் பணத்தில் நடப்பது. ஆதலால் மென்மையாயிருக்கவேண்டுமென்று சிலர் சொல்லக்கூடும். நாம் அதை ஒப்போம். தனியாரிடம் வசூலிக்கும் கண்டிப்பைத் தன்னிடமே காட்டாத ஸர்க்காருக்குத் தனியாரைத் தண்டிக்க யோக்கியதை ஏது?

15-ஆவது பிரிவின்படி, வழக்குக் காரணம் முதலில் உண்டான நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் மனு வரவேண்டும். எண்ணூருக்கு அது 2028 டிசம்பரில் முடிகிறது. சென்னை வக்கீல்கள் ஞாயிறுதோறும் காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக் குப்பத்திலும் மேஜை போட்டு உட்கார்ந்து வாக்குமூலங்களை எழுதட்டும். கெடு தவறினால், போதிய காரணம் காட்டியபின் தீர்ப்பாயம் கொடுக்கக்கூடிய அவகாசம் அறுபது நாள். அதற்குமேல் ஒரு நாளுமில்லை.