பண்டிதர் நாற்காலியும் பந்தாடிய கால்களும்

கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையிலும் முடிவிலும் தொலைக்காட்சி அரங்கில் அமர்ந்து ஆட்டத்தை அலசுபவரை ஆங்கிலேயர் 'பண்டிட்' என்று அழைக்கிறார்கள். அந்தச் சொல் இந்தியாவிலிருந்து போனது. நமது 'பண்டிதர்'தான் அங்கே போய் உருமாறி, இன்று கோட்டும் காதொலிக் கருவியும் அணிந்து லண்டன் அரங்குகளில் உட்கார்ந்திருக்கிறார். சொல்லோடு சேர்ந்து ஒரு பழைய சந்தேகமும் அங்கே போயிருக்கிறது.

1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்த நீதி நிருவாகத் திட்டத்தின்படி, இந்துக்களின் வழக்குகளில் சாத்திர நூல்களை விளக்கிச் சொல்லப் பண்டிதர்கள் அமர்த்தப்பட்டனர். நீதிபதிக்குச் சமஸ்கிருதம் தெரியாது; பண்டிதருக்குத் தெரியும். அந்த ஒரு வேறுபாடே பண்டிதரின் அதிகாரத்துக்கு அடிப்படையாக இருந்தது. 1783-இல் கல்கத்தா உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியாக வந்த வில்லியம் ஜோன்ஸ் இந்நிலையை ஏற்கவில்லை. பண்டிதர் சொல்வதை மட்டும் நம்பித் தீர்ப்பளிக்க மனமில்லாமல், 1785-இல் தாமே சமஸ்கிருதம் கற்கத் தொடங்கினார். 1864-இல் நீதிமன்றப் பண்டிதர் பதவியே ஒழிக்கப்பட்டது.

இங்கிலாந்தின் கால்பந்து ரசிகர்கள் தங்கள் பண்டிதர்களைப் பற்றிப் பேசும்போது அந்த ஜோன்ஸின் குரல் கேட்கிறது. "இவர் முன்னாள் வீரர் என்பதற்காக இவர் சொல்வதை நாங்கள் ஏன் நம்ப வேண்டும்?" இது நியாயமான கேள்வி. ஆனால் ஜோன்ஸின் சந்தேகத்துக்குள் அறிவுத்தேடலோடு ஆளும் தரப்பின் அதிகார வேட்கையும் கலந்திருந்தது. ரசிகரின் சந்தேகமும் அப்படிக் கலப்பில்லாதது அல்ல. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கால்பந்துக்கு வெளியிலும் பயன்படும்.

பிபிசியின் 'மேட்ச் ஆஃப் தி டே' 1964 ஆகஸ்டில் தொடங்கியது. ஆனால் முன்னாள் வீரர்களும் பயிற்சியாளர்களும் கூடி உட்கார்ந்து வாதிடும் வடிவத்தைப் பரவலாக்கியது, 1970 உலகக் கோப்பையின்போது ஐடிவி அமைத்த குழு. மால்கம் அலிசன், டெரெக் டூகன், பேடி க்ரெரண்ட், பாப் மக்நாப் ஆகியோர் அதில் இருந்தனர். அவர்கள் ஒருவரையொருவர் மறுத்துப் பேசியதை மக்கள் ஆட்டத்துக்கு இணையாக ரசித்தனர். 1992-இல் பிரீமியர் லீக்கும் அதை ஒளிபரப்பிய ஸ்கை நிறுவனமும் கைகோத்த பிறகு, ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் நிரப்ப வேண்டிய நேரம் பெருகியது. நேரம் பெருகியதும் நாற்காலிகள் பெருகின. அவற்றில் அமர ஓய்வுபெற்ற வீரர்கள் வந்தனர்.

ரசிகர்களின் முதல் குறை, இவர்கள் எதையும் விளக்குவதில்லை என்பது. "அவன் அந்த இடத்தில் கோல் போட்டிருக்க வேண்டும்", "அவர்களுக்கு வெற்றி வேட்கை அதிகம்" போன்ற வாக்கியங்களைச் சொல்ல நானூறு ஆட்டங்கள் ஆடியிருக்கத் தேவையில்லை என்கிறார்கள். இதற்கு அவர்கள் மறவாமல் காட்டும் சான்று ஆலன் ஹான்சென். லிவர்பூலின் தடுப்பாட்டக்காரராக எட்டு முறை லீக் பட்டம் வென்றவர் அவர். 1995 ஆகஸ்டில் ஆஸ்டன் வில்லாவிடம் மான்செஸ்டர் யுனைடெட் 3-1 என்று தோற்றபோது, சிறுவர்களை வைத்துக்கொண்டு எதையும் வெல்ல முடியாது என்று தீர்ப்பளித்தார். பெக்கம், ஸ்கோல்ஸ், பட், நெவில் சகோதரர்கள் முதலிய அந்தச் 'சிறுவர்கள்' அந்தப் பருவத்திலேயே லீக்கையும் எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்து வென்றனர்.

ஹான்சென் அறியாமையால் தவறவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். அவர் அறிந்த லிவர்பூலில் பட்டங்களை வென்றவர்கள் முதிர்ந்த வீரர்கள். அந்த அனுபவமே அவரை அந்தத் தீர்ப்புக்குக் கொண்டு சென்றது. அனுபவம் ஒரு சாளரம். அது எந்தத் திசையை நோக்கித் திறந்திருக்கிறதோ அந்தத் திசையை மட்டுமே காட்டும். அதே ஹான்சென், தடுப்பு வரிசை எங்கே குலைந்தது என்பதைப் படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டியபோது, ஒரு தலைமுறைக்கே தடுப்பாட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். ஒரே மனிதரின் ஒரே அனுபவம் ஓரிடத்தில் கண்ணை மறைத்தது. மற்றோரிடத்தில் கண்ணைத் திறந்தது.

பிளேட்டோ எழுதிய சாக்ரடீஸின் தற்காப்புரையில், சாக்ரடீஸ் கவிஞர்களிடம் சென்று அவர்களுடைய கவிதைகளுக்கே பொருள் கேட்கிறார். அருகில் நின்றவர்கள் கவிஞர்களைவிட நன்றாக விளக்கியிருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றுகிறது. செய்யத் தெரிவதும் சொல்லத் தெரிவதும் வெவ்வேறு திறன்கள். நாம் அறிந்ததில் பெரும்பகுதி சொல்லுக்குள் அடங்காதது என்பதை இருபதாம் நூற்றாண்டில் மைக்கேல் போலானியி விரிவாக வாதிட்டார். பந்து வரும் முன்பே உடலைத் திருப்பி நிற்கும் வீரரிடம் அதை ஏன் செய்தீர் என்று கேட்டால், அவருக்கே விடை தெரியாமல் இருக்கலாம். உடலில் உறைந்த அறிவைச் சொல்லாக மாற்றுவது தனி உழைப்பு.

அந்த உழைப்பைச் செய்தவர்களை ரசிகர்கள் கைவிட்டதில்லை. 2011-இல் ஸ்கைக்கு வந்த கேரி நெவிலும், 2013-இல் வந்து சேர்ந்த ஜேமி கேரகரும் திங்கட்கிழமை நிகழ்ச்சியில் தொடுதிரையின் முன் நின்று, ஒரு பின்வரிசை ஆட்டக்காரர் ஏன் இரண்டடி உள்ளே நகர்ந்தார், அதனால் எந்த வழி திறந்தது என்று காட்டியபோது, அவர்களுடைய அணிகளை வெறுத்தவர்களும் உட்கார்ந்து பார்த்தனர். ஆகவே, ரசிகர்கள் முன்னாள் வீரர்களையே வெறுக்கிறார்கள் என்பது பிழையான முடிவு. முன்னாள் வீரர் என்ற அடையாளத்தை உழைப்புக்கு ஈடாகக் காட்டுவோரையே அவர்கள் வெறுக்கிறார்கள்.

இரண்டாவது குறை பாரபட்சம். லிவர்பூல் ரசிகருக்கு நெவில் யுனைடெட்டின் ஆள். யுனைடெட் ரசிகருக்குக் கேரகர் லிவர்பூலின் ஆள். இந்தக் குற்றச்சாட்டை ஓரளவுக்கு மேல் நம்ப முடியாது. 1951-இல் பிரின்ஸ்டன், டார்ட்மத் பல்கலைக்கழக அணிகள் மோதிய முரட்டுத்தனமான அமெரிக்கக் கால்பந்து ஆட்டமொன்றின் படத்தை, ஆல்பர்ட் ஹேஸ்டார்ஃப், ஹேட்லி கேன்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் இரு பல்கலைக்கழக மாணவர்களுக்கும் காட்டினர். டார்ட்மத் அணி செய்த விதிமீறல்களை டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைவிட இருமடங்குக்கும் அதிகமாகப் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினர். இருவரும் பார்த்தது ஒரே படம். 1954-இல் வெளிவந்த அந்த ஆய்வின் முடிவைச் சுருக்கினால், ஒவ்வொரு தரப்பும் தனக்கான ஓர் ஆட்டத்தைப் பார்த்தது எனலாம்.

அரங்கில் இருப்பவர் நடுநிலையோடு பேசினாலும் வீட்டில் இருப்பவருக்கு அது சாய்வாகவே கேட்கும். இதனால் பண்டிதரிடம் சாய்வே இல்லை என்றாகிவிடாது. இரு பக்கமும் திட்டு வாங்குவது நடுநிலைக்குச் சான்றும் ஆகாது. எந்த அணிக்கு ஆடினார் என்பது ஊரறிந்த பண்டிதரின் சாய்வைப் பார்வையாளர் கழித்துக்கொண்டு கேட்க முடியும். கழிக்க முடியாதது, சார்பே இல்லாதவர்போலத் தோன்றுபவரின் சார்பு. ஆய்வுலகில் இருப்போருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது குறையில்தான் ரசிகரின் சந்தேகம் தன் முகத்திரையை இழக்கிறது. அலெக்ஸ் ஸ்காட் இங்கிலாந்துக்காக 140 ஆட்டங்கள் ஆடியவர். கேரன் கார்னி 144 ஆட்டங்கள். 'ஆடியவருக்கே பேசும் உரிமை' என்பது உண்மையான விதியானால், அரங்கிலுள்ள ஆண்களில் பலர் இவர்களுக்குப் பின்வரிசையில் அமர வேண்டும். ஆனால் இவர்கள் வந்ததும் விதி மாறிவிடுகிறது. "பெண்கள் ஆட்டம் வேறு, ஆண்கள் ஆட்டம் வேறு" என்று புதிய தகுதி ஒன்று முளைக்கிறது. ஆண் பண்டிதரின் அசட்டு வாக்கியம் அவர் ஒருவரின் அசடாக எண்ணப்படுகிறது. பெண்ணின் ஒரு பிழையோ பெண்ணினத்தின் மேல் எழுதப்படுகிறது.

2020 டிசம்பரில் லீட்ஸ் அணி 5-0 என்று வென்ற ஆட்டத்தை அலசிய கார்னி, பெருந்தொற்றால் நேர்ந்த இடைவெளியே அந்த அணி முந்தைய பருவத்தில் மேல்நிலைக்கு உயர உதவியிருக்கலாம் என்றார். மறுக்கத்தக்க கருத்துதான், சான்று காட்டி மறுத்திருக்கலாம். நடந்தது வேறு. அணியின் அதிகாரபூர்வ கணக்கே அக்காட்சியை எடுத்துப் போட்டு எள்ளியது. வசைகள் குவிந்தன. கார்னி தமது ட்விட்டர் கணக்கையே நீக்கினார். இதைவிட மோசமான கணிப்பைச் சொன்ன ஹான்சென் அதற்குப் பின் பத்தொன்பது பருவங்கள் அதே நாற்காலியில் அமர்ந்திருந்தார். அந்த வாக்கியம் இன்று அன்போடு நினைவுகூரப்படுகிறது. 2011-இல் ஸ்கையின் இரு புகழ்பெற்ற முகங்கள், ஒரு பெண் உதவி நடுவருக்கு ஆஃப்சைடு விதி தெரியுமா என்று ஒலிபரப்புக்கு வெளியே கேலி பேசியது பதிவாகி வெளிவந்தது. அதே ஆட்டத்தில் நெருக்கடியான ஓர் ஆஃப்சைடு முடிவை அந்த நடுவர் மிகச் சரியாக எடுத்திருந்தார். ஒருவர் நீக்கப்பட்டார், மற்றவர் பதவி விலகினார். எனினும் அக்கேலியின் தர்க்கம் அவர்களோடு வெளியேறிவிடவில்லை.

நான்காவதாக ஒரு தவறான ஊகமும் உண்டு. 2015 டிசம்பரில் நெவில் ஸ்பெயினின் வலென்சியா அணிக்குப் பயிற்சியாளராகப் போனார். பார்சிலோனாவிடம் 7-0 என்று தோற்றார். நான்கு மாதங்களுக்குள் நீக்கப்பட்டார். "தொலைக்காட்சியில் அளந்ததெல்லாம் பொய் என்று தெரிந்துவிட்டது" என்று ரசிகர்கள் சிரித்தனர். ஆடத் தெரிந்ததால் விளக்கத் தெரிந்துவிடாது என்று வாதிட்ட அதே வாய், நடத்தத் தெரியாததால் விளக்கவும் தெரியாது என்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். தொழில்முறை வீரராக ஆடாமலே மிலான் அணிக்கு 1989, 1990 ஆகிய இரு ஆண்டுகளும் ஐரோப்பியக் கோப்பையை வென்று தந்த அர்ரிகோ சாக்கி, குதிரை ஓட்டுபவர் முன்பு குதிரையாக இருந்திருக்க வேண்டியதில்லை என்ற பொருளில் விடை சொன்னார். அதன் மறுபக்கமும் உண்மை: நல்ல குதிரைகளை அடையாளம் காண்பவர் நல்ல ஓட்டுநராகவும் இருக்க வேண்டியதில்லை.

ஜோன்ஸ் சமஸ்கிருதம் கற்றதுபோல, இன்றைய ரசிகர்கள் புள்ளிவிவரம் கற்றிருக்கிறார்கள். ஒரு வாய்ப்பு கோலாகும் நிகழ்தகவைக் கணிக்கும் 'எக்ஸ்ஜி' அளவீடு 2017-இல் 'மேட்ச் ஆஃப் தி டே'யிலேயே இடம்பெற்றது. பண்டிதரின் சொல்லைச் சரிபார்க்க ரசிகரிடம் இன்று ஒரு கருவி இருக்கிறது. நல்லதுதான். ஆனால் எண்ணும் ஒரு நூலே. அதற்கும் உரை வேண்டும். நேரடியாக மூலத்தைப் படித்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் ஜோன்ஸின் காலத்தவர் இந்தியச் சட்டத்தை எவ்வளவு இறுக்கிவிட்டனர் என்பதை வரலாறு படித்தோர் அறிவர்.

ஆய்வுலகிலும் இதே நாற்காலி இருக்கிறது. களத்தில் வாழ்ந்தவருக்கே பேசும் உரிமையா, விலகி நின்று பார்ப்பவருக்கா என்ற விவாதம் கருத்தரங்குகளில் ஓய்வதில்லை. கால்பந்து அரங்கம் தரும் விடை இதுதான்: அனுபவம் ஒரு சான்று, தீர்ப்பு அல்ல. சான்றைக் கொண்டுவந்தவர் அதைப் பிறர் பார்க்கும்படி விரித்துக் காட்ட வேண்டும். "நீ ஆடியிருக்கிறாயா?" என்ற கேள்வி கேட்கப்படும்போது, அது யாரிடம் கேட்கப்படுகிறது, யாரிடம் கேட்கப்படாமலே விடப்படுகிறது என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். பண்டிதர் பேசி முடித்த பின் அடுத்த ஆட்டத்தை இன்னும் கொஞ்சம் தெளிவாகப் பார்க்க முடிகிறதா? நாற்காலிக்குத் தகுதியானவரைத் தேர இந்த ஒரு கேள்வி போதும்.