டூப்ளேயா, துய்ப்ளெக்ஸா?

கோடம்பாக்கத்தில் புது அடுக்குமாடி எழும்பும் தெருக்களில் ‘டூப்ளெக்ஸ் வீடு விற்பனைக்கு’ என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். கீழும் மாடியும் சேர்ந்து ஒரே வீடு. அதைத் தடுமாறாமல் வாசித்துவிடுகிறோம். ஆனால், பிள்ளைகளின் வரலாற்றுப் பாடத்தில் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் வந்தால் மட்டும் ‘டூப்ளே’, ‘டியூப்ளே’ என்கிறோம். பல புத்தகங்களிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அவர் பெயரின் சரியான உச்சரிப்புக்குப் பக்கத்தில் நிற்பது அந்த வீட்டுப் பலகைதான்!

1742 முதல் 1754 வரை புதுச்சேரியில் கவர்னராக இருந்தவர் ஜோசப் பிரான்சுவா துய்ப்ளெக்ஸ். கடைசியில் உள்ள ‘க்ஸ்’ நன்றாகவே ஒலிக்கும். முதல் எழுத்துதான் கொஞ்சம் சிரமம். ‘ஊ’ சொல்வதுபோல் உதட்டைக் குவித்துக்கொண்டு ‘ஈ’ சொல்லிப் பாருங்கள். அந்த ஒலி! அதற்குத் தமிழில் எழுத்து இல்லை. அதனால் புதுச்சேரிக்காரர்கள் ‘துய்’ என்று எழுதிச் சமாளித்தார்கள். அங்கே இருக்கும் துய்மா வீதியும் அப்படி வந்ததுதான்.

பிறகு ‘ப்ளே’ ஏன்? பிரெஞ்சில் கடைசி மெய்யெழுத்து பெரும்பாலும் ஒலிக்காது. அந்த துய்மா வீதிக்குப் பெயர் தந்த கவர்னரை எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘டூமாஸ்’. 1746-ல் அடையாற்றங்கரையில் ஆற்காடு நவாப்பின் படையைத் தோற்கடித்த பிரெஞ்சுத் தளபதியின் பெயர் எழுத்தில் ‘பாரடிஸ்’. வாயில் ஏறக்குறைய நம் ‘பாரதி’! இந்த விதியை துய்ப்ளெக்ஸுக்கும் மாட்டிவிட்டால் ‘ப்ளே’ வந்துவிடும். ஆனால், குடும்பப் பெயர் எல்லா விதிக்கும் கட்டுப்படாது. பாரிஸ் மெட்ரோவின் 6-வது தடத்தில் இவர் பெயரில் ஒரு நிலையம் உண்டு. அங்கேயும் ‘ப்ளெக்ஸ்’தான்.

பொருள் என்ன? இரட்டை வீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ‘பிளெ’ என்றால் பழைய பிரெஞ்சில் கிளைகளைப் பின்னிக் கட்டிய வேலி. நம் ஊர்ப் படல் மாதிரி. அப்படி வேலி சூழ்ந்த இடத்தைச் சேர்ந்தவர் என்று பெயராய்வாளர்கள் பொருள் சொல்கிறார்கள். நெல்லுக்கு வேலியிட்ட கதையைச் சொல்லும் திருநெல்வேலிக்காரருக்கு இந்தப் பெயர் அந்நியமாகத் தோன்றாது!

பிரான்சிலேயே இது அபூர்வமான பெயர். புதுச்சேரியில் அவர் பெயர் தாங்கிய வீதி இன்று நேரு வீதி. கடற்கரைச் சாலையின் தென்கோடியில் சிலை மட்டும் நிற்கிறது.

“எப்படிச் சொன்னால் என்ன?” என்று கேட்கலாம். அவரிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் சுமார் 25 ஆண்டுகள் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். துய்ப்ளெக்ஸின் மனைவி ழான், புதுச்சேரியில் பிறந்தவர், தமிழ் பேசியவர். ஆக, இந்தப் பெயரை நேரில் காதால் கேட்ட தமிழர்கள் இருந்த ஊர் அது. அந்த ஊர்த் தமிழில் ‘துய்ப்ளெக்ஸ்’ இன்றும் இருக்கிறது. நாமோ பக்கத்து ஊர்த் தமிழரின் காதை விட்டுவிட்டு, இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து ஊகித்ததை நம்புகிறோம். நம் பெயரில் உள்ள ‘ழ’வை யாராவது ‘ஸ’ ஆக்கினால் எவ்வளவு கோபம் வருகிறது!

பரீட்சையில் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே எழுதட்டும், மதிப்பெண் முக்கியம். வீட்டில் பேசும்போது துய்ப்ளெக்ஸ் என்று சொல்லிக்கொடுங்கள். கூடவே இன்னொன்றும். வகுப்பில் புதுமாதிரியான பெயரோடு ஒரு பிள்ளை வந்து சேர்ந்தால், எழுத்தைப் பார்த்து ஊகிக்காமல், “உன் பேரை எப்படிச் சொல்லணும்?” என்று கேட்கச் சொல்லுங்கள்.