கோழி அறுப்பதும் நம் கைவேலைதான்



2022ஆம் ஆண்டின் நெருக்கடியை நம் வீட்டுக் குசினிகள் எளிதில் மறக்காது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பொருட்களின் விலை, முந்திய ஆண்டைவிட 94.9 சதவீதம் கூடியிருந்தது. டொலர் இல்லாததால் சோளம் வரவில்லை. சோளம் இல்லாததால் தீன் இல்லை. தீன் இல்லாததால் கோழியும் இல்லை. ஒரு கிலோ இறைச்சி ஆயிரம் ரூபாயைத் தாண்டியபோது, களுபோவில, தெஹிவளைப் பக்கங்களில் கொஞ்சம் வளவு வைத்திருப்பவர்கள்கூட, "நாமே நாலு கோழி வளர்த்தால் என்ன?" என்று எண்ணத் தொடங்கினார்கள்.

வளர்ப்பதில் நமக்குச் சிரமம் இல்லை. தீன் போடுவது, தண்ணீர் வைப்பது, கூடு கழுவுவது எல்லாம் பெண்களின் கையால்தான் நடக்கிறது. அறுக்கும் நாள் வந்ததும் மட்டும் அந்தக் கை நின்றுவிடுகிறது. பையனிடம் கொடுத்துப் பள்ளி லெப்பையிடம் அனுப்புகிறோம். பையன் இல்லாவிட்டால், வேலைக்குப் போன கணவர் மஃரிபுக்கு வந்து சேரும்வரை காலைக் கட்டிக் குசினி மூலையில் போட்டு வைக்கிறோம். தண்ணீரும் இல்லாமல், அசையவும் முடியாமல், ஒரு பகல் முழுவதும் அந்த வாயில்லாப் பிராணி கிடக்கிறது. ஆண் துணையே இல்லாத வீடுகளில் இதைவிடச் சங்கடம். வளர்த்த கோழியை அறுக்க அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

பெண் அறுக்கலாமா?

தாராளமாக அறுக்கலாம். மதீனாவில் ஸல்உ மலையடியில் ஆடு மேய்த்த ஓர் அடிமைப் பெண்ணின் செய்தி ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் ஆடுகளை அவர் மேய்த்துக்கொண்டிருந்தார். அவற்றில் ஒன்று சாகும் நிலைக்கு வந்துவிட்டது. கையில் கத்தி இல்லை. அவர் ஒரு கல்லை உடைத்து, அதன் கூரான பக்கத்தால் ஆட்டை அறுத்தார். அந்த இறைச்சியை உண்ணலாமா என்று கேட்கப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் உண்ணும்படி சொன்னார்கள். இதை வைத்தே, பெண் அறுத்தது ஹலால் என்று இமாம்கள் தீர்ப்புச் சொன்னார்கள். மாதத் தீட்டுள்ள நாட்களில் அறுத்தாலும் ஹலால்தான். அறுப்பதற்கு ஒளூவும் நிபந்தனை அல்ல.

பிஸ்மில்லாஹ் சொல்லி அறுக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் அது சுன்னத். ஹனஃபி மத்ஹபில் அது கட்டாயம். வேண்டுமென்றே விட்டால் ஹலாலாகாது. ஆகவே எந்த மத்ஹபினரும் அதை விடாமல் சொல்வதே பேணுதல். கிப்லாவை முன்னோக்குவதும் சுன்னத்.

2013ஆம் ஆண்டு நாட்டில் ஹலால் சான்றிதழைப் பற்றிப் பெரும் சர்ச்சை கிளம்பியது. உள்நாட்டுப் பொருட்களில் அந்த இலச்சினை தேவையில்லை என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா விட்டுக்கொடுத்தது. பின்னர் அந்தப் பணியைத் தனியான ஓர் அமைப்பு ஏற்றது. பெட்டியில் முத்திரை இருக்கிறதா என்று தேடுகிற நமக்கு, முத்திரையே தேவைப்படாத இறைச்சி நம் கையாலேயே அறுத்த இறைச்சி என்பது நினைவில் இருக்கட்டும்.

முதல் நாள் இரவு

அறுக்கும் கோழிக்கு 8 முதல் 12 மணி நேரம் முன்பே தீனை நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் பட்டினி போட வேண்டாம். தண்ணீரை மட்டும் கடைசிவரை எடுக்காதீர்கள். குடல் காலியாக இருந்தால் சுத்தம் செய்யும்போது அசுத்தம் இறைச்சியில் படாது.

தூங்கி விழுகிற கோழி, மூக்கிலிருந்து நீர் வடிகிற கோழி, பச்சையாகக் கழிகிற கோழி இவற்றை அறுத்துச் சமைக்காதீர்கள். ஒரே நேரத்தில் பல கோழிகள் செத்தால் கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். தண்ணீரில் மருந்து கலந்து கொடுத்திருந்தால், அந்த மருந்தின் பெட்டியில் சொல்லியிருக்கும் நாட்கள் கழியும்வரை பொறுங்கள். மருந்து இறைச்சியில் தங்கி நம் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகக்கூடாது.

அறுக்கும் முறை

கத்தியை முதலிலேயே தீட்டி வையுங்கள். அறுக்கும் பிராணிக்கு இதம் செய்யும்படியும், கத்தியை நன்றாகத் தீட்டிக்கொள்ளும்படியும் நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். அதன் கண் முன்னால் தீட்டுவது கூடாது. ஒரு கோழியை இன்னொரு கோழி பார்க்க அறுப்பதும் கூடாது. மழுங்கிய கத்தியால் இழுத்து இழுத்து அறுப்பது பெரும் பாவமான வேதனை. கத்தி ஒன்றை இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இருவராகச் செய்வது சுலபம். ஒருவர் இறக்கையையும் காலையும் ஒரு கையில் சேர்த்துப் பிடிக்கட்டும். இறக்கையைக் காலால் மிதிக்கும் பழக்கம் நம்மில் உண்டு. அதில் எலும்பு முறியும், இறைச்சியில் இரத்தம் கட்டும். தனியாக இருப்பவர்கள் பெரிய பிளாஸ்டிக் கேனின் அடியை வெட்டி, வாயையும் கொஞ்சம் அகலமாக்கித் தலைகீழாகக் கட்டிவிட்டால், கோழி அதற்குள் அடங்கி நிற்கும். தலை மட்டும் வெளியே வரும்.

குரல்வளை முடிச்சுக்குக் கீழே, அந்த முடிச்சு தலைப் பக்கம் நிற்கும்படி அறுக்க வேண்டும். மூச்சுக்குழாயும் இரைக்குழாயும் முழுதாக அறுபட வேண்டும். இரு பக்க இரத்த நாளங்களும் அறுபட்டால் உயிர் விரைவில் பிரியும். தலையைத் துண்டித்துவிட வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் இரத்தம் வடியட்டும். துடிப்பு முற்றாக அடங்கிய பிறகே அடுத்த வேலை. அவசரப்பட்டு உயிரோடு சுடுநீரில் போடுவது கொடுமை. அறுப்பினால் செத்ததா, தண்ணீரில் செத்ததா என்ற சந்தேகமும் அதோடு வந்துவிடும்.

இறகும் குடலும்

கொதிக்கிற தண்ணீரில் அப்படியே போட்டால் தோல் வெந்து கிழியும். கொதித்த தண்ணீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் ஏறக்குறைய 65 பாகை சூடு கிடைக்கும். அதில் கோழியைக் காலைப் பிடித்து முக்கால் நிமிடம் முக்கி ஆட்டுங்கள். இறக்கையிலுள்ள பெரிய இறகு இழுத்தவுடன் வந்தால் போதும். தோல் வேண்டாதவர்களுக்குச் சுடுநீரே தேவையில்லை, இறகோடு தோலை உரித்துவிடலாம்.

அதன் பிறகு தலை, கால் நீக்கி, வாலடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியை வெட்டி எறியுங்கள். அதை விட்டால் கறியில் ஒரு வாடை வரும். கழுத்தடியிலுள்ள தீன்பையைக் கையால் விடுவியுங்கள். வால் பக்கத் துவாரத்தைச் சுற்றிக் கத்தியின் நுனியால் மட்டும் வெட்டுங்கள். குடல் கிழிந்தால் அசுத்தம் முழுவதும் பரவும். உள்ளே கையை விட்டு எல்லாவற்றையும் ஒன்றாக வெளியே எடுங்கள். ஈரலோடு ஒட்டியுள்ள பச்சைப் பித்தப்பை உடையாமல் பாருங்கள். விலாவோடு ஒட்டியிருக்கும் நுரையீரலை விரலால் வழித்தெடுங்கள். வடிந்த இரத்தம் நஜீஸ். ஆகவே உள்ளும் புறமும் ஓடும் தண்ணீரில் கழுவி எடுங்கள். கழுவும் தண்ணீர் பக்கத்திலுள்ள பாத்திரங்களில் தெறிக்க விடாதீர்கள். பச்சைக் கோழியிலுள்ள கிருமிகள் வயிற்றோட்டத்தையும் காய்ச்சலையும் தரும். சலாது வெட்டும் பலகை வேறு, கோழி வெட்டும் பலகை வேறாக இருக்கட்டும். வேலை முடிந்ததும் கையையும் பலகையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

2 கிலோ நிறையுள்ள கோழியில் ஏறக்குறைய 1.4 கிலோ இறைச்சி தேறும்.

உடனே சட்டியில் போடலாமா?

உடல் விறைக்கத் தொடங்குமுன் சமைத்தால் ஒருவிதம், விறைத்த நேரத்தில் சமைத்தால் ரப்பர் மாதிரி. "வீட்டுக் கோழி வேகவே மாட்டேன் என்கிறது" என்ற குறைக்கு இதுவும் ஒரு காரணம். ஐஸ் போட்ட தண்ணீரில் நன்றாகக் குளிர வைத்து, மூடிய பாத்திரத்தில் பிரிட்ஜின் கீழ்த் தட்டில் ஓர் இரவு வைத்து, மறுநாள் சமையுங்கள். இறைச்சி இளகிவிடும். உறைய வைப்பதென்றாலும் அந்த ஓர் இரவுக்குப் பிறகே உறைய வையுங்கள். எலும்போரம் சிவப்பு இல்லாமல் வேக வேண்டும்.

அயலவரின் உரிமை

களுபோவிலையில் நம் வளவுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. கூடு கட்டுமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அறுப்பதைப் பாதையோரமாக, பார்ப்பவர் முகம் சுளிக்கும்படி செய்ய வேண்டாம். போயா தினத்தில் நாட்டில் இறைச்சிக்கடைகள் மூடியிருக்கும். அன்று நம் வீட்டிலும் கத்தியை எடுக்காமல் இருப்பது பௌத்த அயலவருக்கு நாம் செய்யும் மரியாதை. இறகையும் குடலையும் கானில் கொட்டாதீர்கள். காகமும் நாயும் இழுத்து அடுத்த வீட்டு வாசலில் போடும். இரண்டடி ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவி மூடிவிடுங்கள். கிணற்றடிக்குப் பக்கத்தில் தோண்டாதீர்கள்.

முதல் தடவை கை நடுங்கும். அது குறையல்ல. உயிரின் பெறுமதி தெரிந்த கைதான் நடுங்கும். பழக்கமுள்ள ஒரு சாச்சியையோ மாமியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ளுங்கள். வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். இனிமேலாவது நம் வீட்டுக் கோழி, ஆண் ஒருவர் வரும்வரை கால் கட்டுண்டு கிடக்க வேண்டாம்.

அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ், வேறொரு வீட்டு விஷயத்தோடு சந்திப்போம். வஸ்ஸலாம்.