கனம் ஏற்றுவது யார்?

கரிவலத்துக்குப் பக்கத்து ஊர்க் காலனியிலிருந்து சின்னையா ஒருத்தர் கடுதாசியோடு வந்தார். பேங்க்கில் வேலை பார்க்கிறவனுக்கு இங்கிலீசு தெரியும் என்று ஒரு நம்பிக்கை. சுடுகாட்டுப் பாதையில் வேலி போட்டுட்டாங்க, எடுத்துத் தாங்க என்று கொடுத்த மனுவுக்கு வந்த பதில் அது. இப்போது நடவடிக்கை எடுத்தால் நிலைமையை 'அக்ரவேட்' செய்துவிடுமாம்.

"எய்யா, அது என்ன எழவு வார்த்தை?"

மோசமாக்குறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ராத்திரி டிக்சனரியைப் புரட்டியபோதுதான் பாதி அர்த்தத்தைத்தான் சொல்லியிருக்கிறோம் என்று தெரிந்தது. லத்தீனில் 'கிராவிஸ்' என்றால் கனம். அதில் பிறந்த சொல் இது. ஏற்கெனவே கனத்துக் கிடப்பதை இன்னும் கனக்க வைப்பது. காயத்தை அக்ரவேட் செய்யலாம், நோயைச் செய்யலாம். சும்மா நன்றாக இருக்கிற கையைச் செய்ய முடியாது. அப்படியானால் கடுதாசி எழுதிய அதிகாரி தன்னை அறியாமல் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்: நிலைமை முன்னமே கெட்டுத்தான் கிடக்கிறது. கெடுத்தது யார் என்பதை மட்டும் எழுதவில்லை. (பேச்சு இங்கிலீசில் இதற்கு எரிச்சலூட்டுவது என்றும் பொருளுண்டு. அது தப்பு என்கிற வாத்தியார்கள் இருக்கிறார்கள். நம்ம ஆபீசர்கள் ரெண்டையும் சேர்த்தே சொல்கிறார்கள் போல.)

கோர்ட்டிலும் இதே சொல் நடமாடுகிறது. 1980இல் வந்த பச்சன் சிங் தீர்ப்பிலிருந்து, தூக்கா ஆயுளா என்று முடிவெடுக்க 'அக்ரவேட்டிங்' சூழ்நிலைகளைப் பார்க்கிறார்கள். அங்கே அது குற்றம் செய்தவன் தலையில் ஏறுகிற கனம். ஆபீசுக்கு வந்ததும் மனுக்கொடுத்தவன் தலைக்கு மாறிவிடுகிறது.

தமிழுக்கும் இந்த வித்தை தெரியும். 'எரியிற தீயில எண்ணெய் ஊத்தாத' என்று நம்மைப் பார்த்துத்தான் சொல்வார்கள். தீ வைத்தவனைப் பற்றி அதில் பேச்சே கிடையாது. 'வெந்த புண்ணில் வேல்' புண்பட்டவன் பேச்சு. 1995 ஜூலையில் நம்ம வீரசிகாமணியில் பஸ் டிரைவருக்கும் பள்ளிக்கூடப் பையன்களுக்கும் வந்த தகராறு, சாதிக் கலவரமாகப் பல ஊருக்குப் பரவியது. அதை அடக்குகிறோம் என்றுதான் ஆகஸ்ட் 31ஆம் தேதி நூற்றுக்கணக்கான போலீசார் கொடியங்குளத்துக்குள் புகுந்தார்கள். வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்துத் தலைநிமிர்ந்த சனங்கள் அங்கே. டிவி, பாத்திரம் பண்டம் உடைந்தது, பாஸ்போர்ட்டும் சர்டிபிகேட்டும் கிழிந்தது, குடிதண்ணிக் கிணறுகூடத் தப்பவில்லை. இதற்கு அக்ரவேட் என்று எந்த அதிகாரி எழுதினார்?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. சுடுகாட்டைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதை 2015 திருத்தம் பேர் சொல்லியே குற்றம் என்கிறது. கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழிக்கிற, தலித்தோ பழங்குடியோ அல்லாத அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஒரு வருசம் வரை ஜெயில்.

மறுவாரம் சின்னையா வந்தார். மிச்சப் பாதி அர்த்தத்தைச் சொன்னேன். "அப்ப அந்த வார்த்தைய நாமளும் எழுதலாம்லா?" என்றார். புது மனுவில் 4ஆம் பிரிவோடு அதையும் சேர்த்தோம். எழுவாயாக, வேலி போட்டவர்களையும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்களையும் போட்டோம்.