விளையாட்டு வினையானால்

'விளையாட்டு வினையாகும்' என்பது நம் பெரியோர் வாக்கு. அதன் முழு அர்த்தத்தையும் நமக்கு உணர்த்தியது, 2015-ஆம் வருஷத்தில் வெளியான 'கன்கஷன்' என்னும் அமெரிக்கப் படம். தலையில் அடிபட்டு மூளை அதிர்வதை டாக்டர்கள் இப்பெயரால் அழைக்கிறார்கள்.

அமெரிக்கக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுகிறவனை மோதி வீழ்த்துவதுமே ஆட்டம். 'தலைக்கவசம் உண்டே' எனலாம். தயிர்ச் செம்பைக் குலுக்கினால் செம்பு உடைவதில்லை, தயிர்தான் கலங்குகிறது.

பிட்ஸ்பர்க் கோஷ்டியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் மைக் வெப்ஸ்டர். ஓய்வுபெற்ற பின் புத்தி தடுமாறி, வீடின்றி, மோட்டார் வண்டியிலே படுத்துறங்கி, 2002-ல் ஐம்பதாவது வயதில் மாண்டார். பிரேதத்தைப் பரிசோதித்தவர் நைஜீரியாவிலிருந்து வந்த டாக்டர் பென்னட் ஓமலு. மூளை பார்வைக்குச் சாதாரணமாகவே இருந்தது. அத்துடன் விட்டிருந்தால் அவரை யார் கேட்கப் போகிறார்கள்? அவர் விடவில்லை. சொந்தப் பணத்தைச் செலவிட்டு, மூளையை மெல்லிய ஏடுகளாகச் சீவிச் சாயமேற்றிப் பார்த்தார். 'டாவ்' என்னும் புரதம் முடிச்சு முடிச்சாகப் படிந்திருந்தது. குத்துச்சண்டைக்காரர்களுக்கு நேரும் மூளைக் கேட்டை டாக்டர் மார்ட்லண்ட் 1928-லேயே வர்ணித்திருந்தார். கால்பந்துக்காரருக்கும் அத்தகைய கதி உண்டென்று ஓமலு 2005-ல் எழுதினார். கோடிக் கணக்கில் பணம் புரளும் கால்பந்துச் சங்கத்தின் வைத்தியர்கள், கட்டுரையை வாபஸ் வாங்க வேண்டுமென்றார்கள். அவர் அசையவில்லை.

வில் ஸ்மித் ஓமலுவாகவே மாறிவிட்டார். அறுக்குமுன் பிரேதத்துடன் அன்பாகப் பேசும் காட்சி மனத்தை விட்டு அகலாது. காதல் காட்சிகளைக் குறைத்திருந்தால் பிற்பகுதி இன்னும் விறுவிறுப்பாயிருக்கும். ஆயினும் பிற தேசத்தான், கறுப்பு மனிதன், சத்தியம் ஒன்றையே துணையாகக் கொண்டு பணபலத்தின் முன் நிற்கும்போது நம் நெஞ்சு நிமிர்கிறது. 2016-ல் சங்கத்தின் அதிகாரி ஒருவரே, அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டியின் முன் ஆட்டத்துக்கும் நோய்க்கும் சம்பந்தம் உண்டென ஒப்புக்கொண்டார்.

உயிருள்ளபோது இந்நோயை நிச்சயமாகக் கண்டறிய இன்றும் வழியில்லை. ஆகவே முன்ஜாக்கிரதையே மருந்து. மண்டையில் அடிபட்ட சிறுவன், "ஒன்றுமில்லை, ஸார்!" என்று எழுந்து வந்தால், 'சபாஷ்' என்று தட்டிக்கொடுத்து மறுபடி ஆட அனுப்பும் உபாத்தியாயர்களில் நாமும் ஒருவராக இருந்திருக்கிறோம். இனி அவனை அன்று வெளியே உட்கார வைத்து, டாக்டரிடம் காட்டுவோம். பந்தயம் போனால் போகட்டும்; பிள்ளை வேண்டும்.