தேடல் குறிகள் கம்பெனியின் சொத்தல்ல

ஜவ்வாது மலையில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். பழைய வடஆற்காடு மாவட்டத்தில் அவர்கள் பட்டியல் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டவர்கள். ஜமுனாமரத்தூரில் ஒரு கல்லூரி மாணவி தன் சாதிச் சான்றிதழுக்கான விதிகளைத் தேடிக் கைபேசியில் 'மலையாளி' என்று அடித்தால் கேரளத்துக்காரர்கள் வந்து நிற்பார்கள். 'ஜவ்வாது' என்று சேர்த்தாலும் தீராது. வாசனைப் பொடி விற்பவர்கள் குறுக்கே வருவார்கள். ஆங்கிலத்திலோ மலையின் பெயருக்கே ஒரே எழுத்தமைப்பு கிடையாது. காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் குறிப்புகளில் அது 'ஜவாதி'.

இப்படிப்பட்ட இடத்தில்தான் தேடல் குறிகள் கைகொடுக்கும். 'கேரளா'வுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் உள்ள பக்கங்கள் விலகும். 'பழங்குடி'க்கு முன்னால் கூட்டல் குறி போட்டால், அந்தச் சொல் அப்படியே இருக்கும் பக்கங்கள் மட்டும் வரவேண்டும். 1990-களில் ஆல்டாவிஸ்டா காலத்திலேயே புழங்கிய வழக்கம் இது. கூகுளும் அதை ஏற்று நடத்தியது.

2011 ஜூன் மாதம் கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் கூட்டல் குறியின் பழைய வேலை பறிக்கப்பட்டது. இனி மேற்கோள் குறி போடுங்கள் என்றார்கள். நவம்பரில் அந்தக் குறிக்குப் புது வேலை வந்தது: அதைப் போட்டு ஒரு நிறுவனத்தின் பெயரை அடித்தால், கூகுள் பிளஸில் அந்த நிறுவனத்தின் பக்கத்துக்கே நேராகப் போகலாம். கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் பொதுப் பயனாளர்களுக்கு மூடப்பட்டது. பறித்த வேலை மட்டும் கூட்டல் குறிக்குத் திரும்பவில்லை.

நூறு தேடல்களில் அரைத் தேடலில்கூட அந்தக் குறி வருவதில்லை, வருவதிலும் மூன்றில் இரண்டு பங்கு தவறான பயன்பாடு என்பது கூகுள் அப்போது சொன்ன நியாயம். மேற்கோள் குறி அதே வேலையைச் செய்கிறது என்பதும் உண்மைதான். ஆனாலும் அந்த நியாயம் போதாது. சினிமா நேரமும் தங்கம் விலையும் தேடுபவருக்கு எந்தக் குறியும் தேவையில்லை. அரசாணை தேடும் மாணவி, பழைய செய்தியைச் சரிபார்க்கும் நிருபர், ஊர் வரலாறு எழுதும் ஆசிரியர் ஆகியோர்தான் அந்த அரைச் சதவீதம். வலையில் குறைவாகப் பதிவான மக்களைப் பற்றித் தேடுகிறவர்களுக்கு அந்தக் குறி ஆடம்பரம் அல்ல, அன்றாடத் தேவை. தலையை எண்ணி இதை முடிவு செய்வது அநீதி.

தேடல் முடிவுகளில் சொந்தச் சேவைகளுக்குச் சாதகமாக நடந்ததாக 2018 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. அந்த வழக்கு, தேடியவருக்கு எது காட்டப்பட்டது என்பதைப் பற்றியது. எப்படிக் கேட்கலாம் என்பதையே ஒரு நிறுவனம் தன் விளம்பரப் பெயருக்காக மாற்றுவதும் அதே ஆதிக்கத்தின் இன்னொரு முகம்தான். ஆணையம் இதையும் தன் பார்வைக்குள் கொண்டுவர வேண்டும். தேடல் குறி எதையும் நீக்குவதற்குப் பல மாதங்கள் முன்பே அறிவிப்பு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் விளக்கம், புதிய வழி சரியாக வேலை செய்யும்வரை பழைய குறியும் தொடர்வது ஆகியவற்றை நிபந்தனையாக்க வேண்டும். சொந்தப் பொருளின் பெயருக்காகப் பொதுக் குறியை எடுத்துக்கொள்வதை அறவே அனுமதிக்கக் கூடாது.