ஓர் அறை, ஒரு சுவர், கொஞ்சம் காலம்



காட்சிக் கலைக்கல்விப் பாடவேளையைக் கணிதத்திற்குக் கடன் வாங்காத ஆசிரியர் நம்மில் எத்தனை பேர்? நானும் வாங்கியிருக்கிறேன். வாங்கிய கடனை ஒருமுறைகூடத் திருப்பிக் கொடுத்ததில்லை. அன்று யு.பி.எஸ்.ஆர். தேர்வைக் காரணம் காட்டினோம். அத்தேர்வு 2021-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. பழக்கம் மட்டும் நம்மைவிட்டு நீங்கவில்லை.

இதை எண்ணும்போதெல்லாம் சிலாங்கூர், குவாங்கில் இருக்கும் ரிம்புன் டாஹான் என் நினைவுக்கு வரும். 'அடர்ந்த கிளை' என்று பெயருக்குப் பொருள் கொள்ளலாம். மேபேங்க் கோபுரத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஹிஜாஸ் கஸ்தூரியும் அவர்தம் துணைவியார் ஏஞ்சலாவும் உருவாக்கிய 14 ஏக்கர் வளாகம் அது. இவ்வட்டாரத்திற்கே உரிய மரஞ்செடிகள் நிறைந்த தோட்டம். பேராக்கிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து மீட்டெடுக்கப்பட்ட, 1901-இல் கட்டப்பட்ட மலாய் மரவீடு. தரைக்குக் கீழே ஒரு காட்சிக்கூடம். இவற்றுக்கிடையே கலைஞர்கள் தங்கி வரைகிறார்கள்.

1994-ஆம் ஆண்டு முதல் மலேசிய, ஆஸ்திரேலியக் கலைஞர்களுக்கு அங்கே ஓராண்டுத் தங்கல் வாய்ப்பு வழங்கப்பட்டது. பின்னாளில் தென்கிழக்காசியக் கலைஞர்கள், நடனக் கலைஞர்கள், எழுத்தாளர்கள் என வட்டம் விரிந்தது. இலாப நோக்கமில்லாத முயற்சி இது. தங்க இடம், வரையப் பட்டறை, இடையூறில்லாத காலம், இறுதியில் கண்காட்சி. கலைஞனுக்கு வேண்டியவை இவைதாமே?

நாம் என்ன கொடுக்கிறோம்? கோப்பை கொடுக்கிறோம். ஓவியப் போட்டி நடத்தி, தலைப்பைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, மூவருக்குப் பரிசளித்துப் படம் பிடித்துக் கொள்கிறோம். எஞ்சிய ஓவியங்கள் எங்கே போகின்றன?

ஒரு போட்டி முடிந்த மறுவாரம், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். "டீச்சர், என் படத்தைத் திருப்பித் தருவீங்களா? அம்மாகிட்ட காட்டணும்" என்றான். பொருளறை முழுவதும் தேடினேன், கிடைக்கவில்லை. பரிசு கிடைக்கவில்லையே என்று அவன் வருந்தவில்லை. தன் படத்தை யாரும் பார்க்கவில்லையே என்றுதான் வருந்தினான். அவன் முகம் இன்றும் என்னை உறுத்துகிறது.

"வரைந்தால் சோறு கிடைக்குமா?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. பிள்ளையின் எதிர்காலம் பற்றிய கவலையில் எழும் நியாயமான கேள்விதான். எல்லா ஓவியர்க்கும் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், ரிம்புன் டாஹானை உருவாக்கியவரின் தொழிலே கோடு வரைவதுதான் என்பதை மறந்துவிட வேண்டாம். வானுயர்ந்த கோபுரமும் முதலில் ஒரு தாளில்தான் எழுகிறது. கூர்ந்து நோக்கவும், தவறிய கோட்டை அழித்து மீண்டும் வரையவும் பழகிய பிள்ளை எத்துறைக்குச் சென்றாலும் அப்பழக்கம் கைகொடுக்கும்.

நம் பள்ளிகளுக்கு 14 ஏக்கர் வேண்டாம். மூன்று செயல்கள் போதும். ஒன்று, கலைப் பாடவேளையைக் கடன் வாங்காதிருப்போம். தொடங்கிய படத்தை முடிக்கும் வகையில் இரண்டு பாடவேளைகளை இணைத்துக் கொடுத்தால் இன்னும் நன்று. இரண்டு, அலுவலகத்தின் அருகே ஒரு சுவரைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குவோம். மாதந்தோறும் படங்களை மாற்றி, கீழே பெயரெழுதி, முறைவைத்து அனைவருக்கும் இடமளிப்போம். பிறகு அவரவர் படத்தை அவரவரிடமே ஒப்படைப்போம். மூன்று, பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏதேனும் ஒரு நிகழ்ச்சியின் கோப்பைச் செலவை வரைதாளுக்கும் வண்ணத்திற்கும் திருப்பிவிடட்டும்.

என் வகுப்பில் முதலாவதை இவ்வாண்டு தொடங்கிவிட்டேன். கடனை இப்போதுதான் அடைக்கத் தொடங்கியிருக்கிறேன்.

உங்கள் பள்ளியில் அந்தச் சுவர் எங்கே இருக்கிறது? சிந்திப்போம், செயல்படுவோம்.